கொல்லும் கட்டளையா? சொல்லும் கட்டளையா?

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓலைக் கூரையின்கீழ், ஒரே ஒரு மின்விளக்கின் அடியில் மாலை வகுப்பாகத் தொடங்கிய நமது சங்கம், இன்று இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதன் வரலாற்றை நமக்கு முன் பேசிய பெரியவர்கள் செவ்வனே எடுத்துரைத்தார்கள். அதனை மீண்டும் கூறி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. 'இளைஞரும் கணினியும்' என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. அது கடல் போன்றது. அக்கடலிலிருந்து ஒரு கை நீரை மட்டும் அள்ளி, அதன் சுவை என்ன என்று காட்டுவதே இவ்வுரையின் நோக்கம். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பணிக்கு, கட்டளை வரியிலிருந்து சமிக்ஞை அனுப்புவது எப்படி என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

வரலாறு படித்து, வரலாறு கற்பித்து வரும் தலைமையாசிரியர்க்கு இப்பொருளில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சங்கத்தின் கணினி மையப் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதால் இதனைக் கற்றோம். கற்பித்தவர்கள் நம் மாணவர்களே. ஆனால் இப்பொருளை இங்கே பேசுவதற்கு அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2018ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சி அது. கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களைத் தொகுத்து அனுப்பும் வேலையை நமது மையம் ஏற்றிருந்தது. 41 மாணவர்களின் விவரங்கள். மறுநாள் மாலை ஐந்து மணியோடு காலக்கெடு முடிகிறது. பழைய மாணவர் ஒருவர் எழுதித் தந்த சிறு நிரலில் தம்பி ஒருவன் விவரங்களைப் பதிந்துகொண்டிருந்தான். பதியப்பட்டவற்றை அந்நிரல் நினைவகத்தில் வைத்திருக்கும். 'முடித்துக்கொள்' என்று சொல்லும்போது அனைத்தையும் கோப்பில் எழுதிவிட்டு முடியும். இரவு ஒன்பது மணி அளவில் கடைசி மாணவரின் விவரமும் ஏறிற்று. அப்போது திரை அசைவற்று நின்றுவிட்டது. எந்த விசையை அழுத்தியும் பயனில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த அத்தம்பி, வேறொரு முனையத்தைத் திறந்து, தான் அறிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். 'கில் -9' என்று தட்டினான். நிரல் அந்தக் கணமே மறைந்தது. அதனோடு 41 மாணவர்களின் விவரங்களும் மறைந்தன.

விடியற்காலை மூன்று மணி வரை அமர்ந்து, காகிதப் படிவங்களைப் பார்த்து அனைத்தையும் மீண்டும் பதிந்தோம். அனைத்தும் என்றுதான் எண்ணினோம். காலக்கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து, மேசையின் இழுப்பறையில் இரண்டு படிவங்கள் கிடந்ததைக் கண்டோம். அந்த இருவருள் ஒரு மாணவனின் தந்தை கடன் வாங்கிக் கட்டணத்தைச் செலுத்தினார். மற்றவள் ஒரு மாணவி. அவள் வீட்டில் கடன் கொடுப்பார் இல்லை. படிப்பை நிறுத்தி நூற்பாலைக்கு வேலைக்குச் சென்றாள். மறு ஆண்டு நம் சங்கத்துத் தாய்மார்கள் அவள் இல்லத்திற்குச் சென்று, அவள் தாயாரிடம் பேசி, மீண்டும் அழைத்து வந்து சேர்த்தார்கள். அவள் படித்து முடித்துவிட்டாள் என்பது நமக்கு ஆறுதல். ஆயினும் அவளுடைய ஓர் ஆண்டு போனது போனதுதான்.

அந்நிரலை எழுதிய பழைய மாணவர் பிறகு வந்து பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி நம் நெஞ்சில் தைத்தது. இணையத் தொடர்பு அறுந்துபோனதால் நிரல் மறுமொழிக்காகக் காத்துக்கொண்டிருந்ததாம். அது செத்துவிடவில்லை. 9 என்னும் எண்ணுக்கு மாறாக 15 என்னும் எண்ணை அனுப்பியிருந்தால், காத்திருப்பை விட்டுவிட்டு, 41 பேரின் விவரங்களையும் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, ஒழுங்காக முடிந்திருக்குமாம். வெறும் 'கில்' என்று எண் இல்லாமல் தட்டியிருந்தாலும் போதுமாம்.

அத்தம்பியை நாம் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்கு 9 என்னும் எண்ணைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம் மையத்தார். 9 என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்காதவர்களும் நாமே. குற்றம் கற்பித்தலின் குற்றம். அக்கடனைத் தீர்க்கவே இன்று இம்மேடையில் நிற்கிறோம்.

இனிப் பொருளுக்கு வருவோம்.

கணினியில் நாம் ஒரு நிரலை இயக்கினால், அது ஒரு பணியாக ஓடத் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அதனைப் பிராசஸ் என்பர். ஒரே நிரலை மூவர் இயக்கினால் மூன்று பணிகள். ஒவ்வொரு பணிக்கும் கணினி ஓர் எண்ணைத் தருகிறது. அதுவே பணி எண். அப்பணியைத் தொடங்கியவர் யார் என்பதையும் அது குறித்து வைத்துக்கொள்கிறது. இவ்வனைத்தையும் மேற்பார்க்கும் உட்கருவுக்குக் கெர்னல் என்று பெயர்.

இந்த அமைப்பு யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் வளர்ந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் அதனைத் தொடங்கினர். அதே நெறியில் லினக்ஸ் என்னும் உட்கருவை, பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம். உங்களில் பலர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. வீட்டிலேயே இருந்த அக்கதவை நம்மவர் பலர் திறந்து பார்க்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பணிக்கு வெளியிலிருந்து ஒரு செய்தியைத் தெரிவிக்க வேண்டுமானால் என்ன செய்வது? அதற்காக அமைந்ததே சமிக்ஞை. சிக்னல் என்றாலும் அதுவே. புகைவண்டி நிலையத்துக் கைகாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நீண்ட கடிதம் எழுதுவதில்லை. நில் என்கிறது, அல்லது செல் என்கிறது. அதுபோலவே சமிக்ஞையும் ஓர் எண் மட்டுமே. லினக்ஸில் 1 முதல் 31 வரை சாதாரண சமிக்ஞைகள் உள்ளன. அவ்வெண்ணைக் கெர்னலிடம் கொடுத்தால், அது உரிய பணியிடம் கொண்டு சேர்க்கும்.

அனுப்புவதற்குரிய கட்டளையின் பெயர் 'கில்'. கே, ஐ, எல், எல் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள். ஆங்கிலத்தில் அதற்குக் 'கொல்' என்று பொருள். இப்பெயரே பாதிக் குழப்பத்திற்குக் காரணம். அக்கட்டளை உண்மையில் செய்வது செய்தியைக் கொண்டு சேர்ப்பது மட்டுமே. 'கொல்' என்பதில் ஓர் எழுத்தை மாற்றிச் 'சொல்' என்று வைத்திருந்தால், எவ்வளவோ இழப்பு தவிர்க்கப்பட்டிருக்கும். எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்பதிலேயே அனைத்தும் அடங்கியிருக்கிறது.

முக்கியமான சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது 15 என்னும் எண். அதன் பெயர் டெர்ம். 'உன் வேலையை முடித்துக்கொள்' என்பது பொருள். கில் என்று தட்டிப் பணி எண்ணை மட்டும் கொடுத்தால், இதுவே செல்லும். இதனைப் பெறும் நிரல், திறந்திருக்கும் கோப்புகளை மூடலாம்; எழுத வேண்டியதை எழுதலாம்; தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம்; பிறகு விடைபெறலாம். அவ்வாறு நடந்துகொள்ள நிரலை எழுதியவர் அதில் வழி செய்திருக்க வேண்டும். வழி செய்யப்படாத நிரல், இச்சமிக்ஞையைப் பெற்றதும் அப்படியே முடிந்துவிடும்.

இரண்டாவது 2 என்னும் எண். அதன் பெயர் இண்ட். முனையத்தில் கண்ட்ரோல் விசையையும் சி என்னும் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், முன்னணியில் ஓடும் பணிக்கு இது செல்லும். 'இடையில் நிறுத்திக்கொள்' என்பது பொருள். அறியாமலேயே நீங்கள் பலமுறை இச்சமிக்ஞையை அனுப்பியிருப்பீர்கள்.

மூன்றாவது 1 என்னும் எண். ஹப் என்பது அதன் பெயர். இதன் பின்னால் ஒரு சிறு வரலாறு உண்டு. முற்காலத்தில் தொலைவிலிருந்த கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியே பயன்படுத்தினர். பேசி முடித்துத் தொலைபேசியை வைத்துவிட்டாலோ, கம்பி அறுந்துவிட்டாலோ, மறுமுனையில் ஓடும் பணிக்கு 'உன்னோடு பேசியவர் போய்விட்டார்' என்று தெரிவிக்க இச்சமிக்ஞை பயன்பட்டது. இன்றும் முனையத்தை மூடினால் அதில் ஓடிய பணிகளுக்கு இது செல்லக்கூடும். அதனால்தான் நீண்ட நேரம் ஓட வேண்டிய வேலையை 'நோஹப்' என்னும் கட்டளையோடு தொடங்குகிறார்கள். ஆளில்லாமல் பின்னணியில் ஓடும் சேவை நிரல்களுக்கு முனையமே கிடையாது. எனவே அவற்றுள் பல, இதே சமிக்ஞைக்கு வேறு பொருள் கொண்டன. 'உன் அமைப்புக் கோப்பை மீண்டும் படித்துக்கொள்' என்பது அப்பொருள். பணி நிற்பதில்லை, புதிய விதியை ஏற்றுக்கொண்டு தொடர்கிறது. கொல் என்னும் பெயருடைய கட்டளையால் ஒரு பணியைத் திருத்தி வாழவைக்கவும் முடிகிறது என்பதற்கு இது சான்று.

நான்காவது ஓர் இணை. 19 என்பது ஸ்டாப். 18 என்பது காண்ட். முன்னது 'அப்படியே நில்'. பின்னது 'விட்ட இடத்திலிருந்து தொடர்'. நமது மையத்தில் ஒரு பெரிய காணொளியை மாற்றும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, மதிப்பெண் பட்டியலை அவசரமாக அச்சிட வேண்டி வந்தது. கணினி ஆமைபோல் நகர்ந்தது. காணொளிப் பணிக்கு ஸ்டாப் அனுப்பினோம், பட்டியலை அச்சிட்டோம், காண்ட் அனுப்பினோம். மூன்று மணி நேரமாக நடந்திருந்த வேலையில் ஒரு நொடியும் வீணாகவில்லை. முனையத்தில் கண்ட்ரோலையும் இசட் எழுத்தையும் சேர்த்து அழுத்துவதும் இதுபோன்றதே. அதற்குரிய எண் 20.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 1, 2, 9, 15 ஆகிய எண்கள் யூனிக்ஸ் வகைக் கணினிகள் எங்கும் ஒன்றாகவே இருக்கும். 18, 19, 20 போன்றவை கணினிக்குக் கணினி மாறும். நாம் கூறியவை இன்று பெரும்பாலான கணினிகளில் ஓடும் லினக்ஸுக்கு உரியவை. ஆகையால் எண்ணை மனப்பாடம் செய்வதைவிடப் பெயரைக் கற்பது நல்லது. 'கில் -காண்ட்' என்று பெயரை எழுதினால் கணினியே உரிய எண்ணை அறிந்துகொள்ளும். கில் என்பதோடு கழித்தற்குறியும் சிறிய எல் எழுத்தும் சேர்த்துத் தட்டினால், எல்லாப் பெயர்களின் பட்டியலையும் அதுவே காட்டும்.

இப்போது 9 என்னும் எண்ணுக்கு வருவோம். அதன் பெயரும் கில்லே. மற்றச் சமிக்ஞைகளை நிரல் பெற்றுக்கொண்டு, தன் விருப்பம்போல் நடந்துகொள்ளலாம். சிலவற்றைப் பொருட்படுத்தாமலும் இருந்துவிடலாம். 9, 19 என்னும் இரண்டை மட்டும் எந்த நிரலும் தடுக்க முடியாது, ஒத்திவைக்க முடியாது, புறக்கணிக்கவும் முடியாது. 9ஆம் சமிக்ஞை உண்மையில் நிரலின் காதுக்கே எட்டுவதில்லை. கெர்னல் அப்பணியை நேரே முடித்துவிடுகிறது. கோப்பை மூட நேரமில்லை. எழுத வேண்டியதை எழுத நேரமில்லை. அத்தம்பி அனுப்பியது இதனைத்தான்.

9 கூடாது என்று நாம் சொல்லவில்லை. எவ்வளவு சொல்லியும் கேளாமல், கணினி முழுவதையும் விழுங்கும் பணியை அடக்க அது வேண்டும். நினைவகம் போதாதபோது ஆண்ட்ராய்டு கைப்பேசி, பின்னணியில் கிடக்கும் செயலிகளை 9ஆல்தான் முடிக்கிறது. ஆனால் அதற்கேற்ப, பின்னணிக்குச் செல்லும்போதே நிலைமையைச் சேமித்துவிடும்படி செயலிகளை எழுத வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். எனவே 9 என்பது கடைசிச் சொல், முதற்சொல்லாக வைத்துக்கொள்ளத்தக்கதன்று.

பெரிய நிறுவனங்களின் கணினிகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் சேவைகளை மேற்பார்க்கும் நிரல் சிஸ்டம்டி எனப்படும். ஒரு சேவையை நிறுத்தச் சொன்னால் அது முதலில் டெர்ம் அனுப்புகிறது. பிறகு வழக்கமாக 90 விநாடி காத்திருக்கிறது. அதற்குள்ளும் முடியாவிட்டால்தான் 9ஐ அனுப்புகிறது. டாக்கர் என்னும் மென்பொருள் இதே முறையில் வழக்கமாக 10 விநாடி காத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் இன்னும் நுட்பமானது. டெர்ம் அனுப்பினால், புதியவரைச் சேர்க்காமல், உள்ளே இருப்போர் அனைவரும் வேலையை முடித்து வெளியேறும் வரை காத்திருந்து நிற்கும். இண்ட் அனுப்பினால், நடந்துகொண்டிருக்கும் வேலைகளைக் கைவிடச்செய்து, ஒழுங்காக மூடும். க்விட் என்னும் 3ஆம் எண்ணை அனுப்பினால் உடனே நிற்கும். மறுமுறை தொடங்கும்போது தன் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். 9ஐ மட்டும் பயன்படுத்த வேண்டாம் என்று அதனை உருவாக்கியோரே தம் கையேட்டில் அறிவுறுத்துகிறார்கள். முடிவுரை ஒன்றுக்கே எத்தனை படிகள் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

9 அனுப்பியும் போகாத பணிகளும் உண்டு. அவற்றைக் கண்டு மலைத்து, மின்சாரத்தையே நிறுத்துவோர் பலர். இவை இரு வகை. ஒன்று, ஏற்கெனவே முடிந்துபோன பணி. அதனைத் தொடங்கிய தாய்ப்பணி, அதன் முடிவைக் கேட்டுப் பெறாத வரையில், பட்டியலில் அதன் பெயர் மட்டும் நிற்கும். ஜாம்பி என்று அதற்குப் பெயர். முடிந்ததை மறுபடியும் எப்படி முடிப்பது? தாய்ப்பணியைத்தான் கவனிக்க வேண்டும். தாய்ப்பணி முடிந்தால், 1 என்னும் எண்ணுடைய முதற்பணி பொதுவாக அதனை ஏற்றுக்கொண்டு கணக்கைத் தீர்த்துவிடும். மற்றொன்று, வன்தட்டு போன்ற ஒரு கருவியின் விடைக்காக உட்கருவுக்குள் காத்திருக்கும் பணி. அது திரும்பும் வரை 9ஆம் காத்திருக்கத்தான் வேண்டும். அப்போது குறை கருவியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். 'பீ எஸ்' என்னும் கட்டளை, ஓடும் பணிகளையும் அவற்றின் எண்களையும் காட்டும். 'பீகிரெப்' என்பது பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும். 'பீகில்' என்பது பெயரைக் கொண்டே சமிக்ஞை அனுப்பும். ஒரே பெயரில் பத்துப் பணிகள் இருந்தால் பத்துக்கும் சென்றுவிடும். எனவே முதலில் பீகிரெப் கொண்டு பார்த்துவிட்டுப் பிறகு அனுப்புவதே முறை. காலையில் குறித்து வைத்த எண்ணை மாலையில் பயன்படுத்தாதீர்கள். பழைய பணி முடிந்து, அதே எண் வேறொரு பணிக்குப் போயிருக்கலாம். 'கில்ஆல்' என்னும் கட்டளை லினக்ஸில் பெயர் சொன்ன பணிகளுக்கு மட்டும் செல்லும். சோலாரிஸ் என்னும் இயங்குதளத்தில் அதே கட்டளை எல்லாப் பணிகளையும் முடித்துவிடும். பழகிய பெயர் என்று நம்பிப் புதிய இடத்தில் பயன்படுத்துவது ஆபத்து.

ஒரு பணி எவ்வாறு முடிந்தது என்பதைப் பின்னர் அறியவும் வழியுண்டு. சமிக்ஞையால் முடிந்த பணிக்கு, 128உடன் சமிக்ஞை எண்ணைக் கூட்டி முடிவெண்ணாகக் கட்டளை முனையம் காட்டும். 143 என்றால் 15ஆல் முடிந்தது. 137 என்றால் 9ஆல் முடிந்தது. வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் இவ்விரு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு சேவை ஏன் விழுந்தது என்று பிறர் திகைக்கும்போது தேடலை எங்கே தொடங்குவது என்று அறிவார்கள்.

அடுத்தது உரிமை பற்றியது. எவரும் எந்தப் பணிக்கும் சமிக்ஞை அனுப்பிவிட முடியாது. தாம் தொடங்கிய பணிக்கே ஒருவர் அனுப்பலாம். பிறருடைய பணிக்கு அனுப்ப முயன்றால் 'அனுமதி இல்லை' என்று கணினி மறுத்துவிடும். ரூட் எனப்படும் தலைமைப் பயனர் மட்டும் அனைவருடைய பணிகளுக்கும் அனுப்பலாம்.

'அனுமதி இல்லை' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பள்ளிப் பருவத்தில் தாகம் எடுத்தாலும் குழாயைத் தாமே திறக்க முடியாமல், பணியாள் வந்து திறந்துவிடும் வரை காத்திருந்ததை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த மறுப்பு பிறப்பைப் பார்த்து வந்தது. கணினியின் மறுப்பு 'இப்பணியைத் தொடங்கியவர் நீர்தாமா' என்று மட்டுமே கேட்கிறது. தொடங்கியவர் நீங்களானால், உங்களைத் தடுக்க அதற்கு வேறு காரணமே இல்லை. அப்படியிருக்க, திரை நின்றுவிட்டால் கைகட்டி அமர்ந்து, 'கணினிக்காரர்' வந்து திறந்துவிடட்டும் என்று நம் பிள்ளைகள் காத்திருப்பது ஏன்? இங்கே குழாய் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திறக்கும் முறையைத்தான் நாம் கற்கவில்லை.

ஆயினும் ரூட் உரிமை கிடைத்தவுடன் எல்லாவற்றையும் அதனைக் கொண்டே செய்யும் பழக்கமும் தீது. எல்லோருடைய பணியையும் நிறுத்தக்கூடியவர், தவறு செய்தால் எல்லோருடைய பணியும் கெடும். பணி எண்ணுக்குரிய இடத்தில் கழித்தல் 1 என்று ரூட் தட்டிவிட்டால், முதற்பணியும் ஓரிரு விலக்குகளும் நீங்கலாக, கணினியிலுள்ள ஏறத்தாழ அனைத்துப் பணிகளுக்கும் அச்சமிக்ஞை சென்றுவிடும். அதிகாரம் இல்லாமையின் துன்பத்தை அறிந்த நாம், அதிகாரம் வரும்போது அதனை அளவோடு கையாளவும் அறிந்திருக்க வேண்டும்.

நிரல் எழுதக் கற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். கட்டளைத் தொகுப்புகளில் 'ட்ராப்' என்னும் வசதி உண்டு. டெர்ம் வந்தால் இன்னதைச் செய், இண்ட் வந்தால் இன்னதைச் செய் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பைத்தான் முதலிய மொழிகளிலும் இவ்வசதி இருக்கிறது. எத்தனை சிறிய நிரலானாலும், முடிக்கச் சொல்லும் சொல்லைக் கேட்கும் காதை அதற்கு வையுங்கள். அதற்கும் மேலாக, ஒவ்வொரு பதிவையும் அவ்வப்போதே கோப்பில் எழுதச் செய்யுங்கள். மின்சாரம் நின்றால் எச்சமிக்ஞையும் வராது. நமது மையத்து நிரல் இப்போது ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் உடனுக்குடன் எழுதி வைக்கிறது. பதிந்த எண்ணிக்கையும் காகிதப் படிவங்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று ஒருவர் கையெழுத்திட்ட பின்னரே விண்ணப்பங்கள் அனுப்பப்படுகின்றன.

இவை அனைத்தையும் நடைமுறையாகச் சுருக்கிக் கூறுகிறோம். பணி நின்றுவிட்டதாகத் தோன்றினால் முதலில் பொறுங்கள். பீ எஸ் கொண்டு அது உண்மையில் யாருடைய பணி, எந்நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். எண்ணைச் சரிபாருங்கள். டெர்ம் அனுப்புங்கள். காத்திருங்கள். மீண்டும் பாருங்கள். தேவையானால் இண்ட் அல்லது ஹப் அனுப்பிப் பாருங்கள். இவற்றால் ஆகாதபோது, இழக்கப்போவது என்ன என்று அறிந்துகொண்டு 9ஐ அனுப்புங்கள். பழகுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 'ஸ்லீப் 600' என்று தட்டி, பத்து நிமிடம் சும்மா உறங்கும் ஒரு பணியைத் தொடங்குங்கள். வேறு முனையத்திலிருந்து அதற்கு ஒவ்வொரு சமிக்ஞையாக அனுப்பி, என்ன நடக்கிறது என்று பாருங்கள். முடிந்துவிட்டால் மீண்டும் தொடங்குங்கள். இழப்பு ஏதுமில்லை, செலவும் இல்லை.

இளைஞர்களே! ஊரில் உத்தரவு பிறந்தால், அதனை வீதிவீதியாகச் சுமந்து சென்று அறிவித்தவர்கள் நம் முன்னோர். உத்தரவை எழுதியவர்கள் வேறு. அதன் காரணத்தை அறிந்திருந்தவர்களும் வேறு. சொல்லச் சொன்னதைச் சொல்வதே நமக்கு விதிக்கப்பட்டிருந்தது. பொருள் அறியாமல் ஓர் எண்ணை மனப்பாடம் செய்து கணினியில் தட்டுவதும் அதே நிலைதான். கருவி மட்டுமே மாறியிருக்கிறது. கணினி இருக்கும் அறைக்குள் நாம் நுழைந்துவிட்டோம் என்பது இந்த இருபத்தைந்து ஆண்டுகளின் பேறு. தட்டுகிற ஒவ்வொரு கட்டளையின் காரணத்தையும் அறிந்தவர்களாக அங்கே அமர்வது இனிவரும் ஆண்டுகளின் வேலை. 'ஏன்' என்று கேட்காமல் எக்கட்டளையையும் ஏற்காதீர்கள். உங்களுக்குப் பின் வருபவர்க்கு 'ஏன்' என்று சொல்லாமல் எக்கட்டளையையும் கற்பிக்காதீர்கள்.

அந்த இரவில் தவறிழைத்த தம்பி இன்று நமது மையத்தில் மாலை வகுப்பு நடத்துகிறான். புதிய மாணவர்களுக்கு அவன் நடத்தும் முதற்பாடம் இதுவே. கரும்பலகையில் 15 என்று எழுதுகிறான், அதன் பொருளைச் சொல்கிறான், காத்திருக்கச் சொல்கிறான். 9 என்னும் எண்ணை மறுநாள்தான் எழுதுகிறான். அப்போது, இழுப்பறையில் கிடந்த இரண்டு படிவங்களின் கதையையும் மறைக்காமல் சொல்கிறான்.